வாசலில் நின்ற செடியைத் தொடாத திருடன்

திருடன் என்பவன் சோம்பேறி. உழைக்க மனசிருந்தால் அவன் ஏன் திருட வருகிறான்? வாசலில் செருப்பு கிடந்தால் அதைத் தூக்குவான். மாடியில் இருக்கிற இரும்புப் பெட்டிக்காகப் படி ஏற மாட்டான். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெறுகிற வரைக்கும் நான் கற்றுக்கொண்ட உருப்படியான பாடம் அது ஒன்றுதான். இன்னொன்றும் உண்டு: யாரையும் நம்பாதே. முக்கியமாக, வழவழவென்று பதில் சொல்கிறவனை நம்பவே நம்பாதே.

அதனால், லாக்கப் கம்பிக்குப் பின்னால் குந்தியிருந்த காவலாளியை நான் நம்பவில்லை. அவனைக் காப்பாற்றச் சொல்லி என்னை இழுத்து வந்த தவளையையும் நம்பவில்லை.

தவளை என் கையாள். முன்னாள் லாரி மெக்கானிக். நாற்பது வயசு தாண்டியும் வாய் மூடாது, அதனால் அந்தப் பெயர். லாக்கப்பில் இருந்தவன் அவன் தங்கச்சி புருஷன். சாயங்காலம் கோர்ட்டில் நிறுத்தி அப்படியே ஜெயிலுக்கு அனுப்பிவிடுவார்கள். குற்றம், செடித் திருட்டு.

சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தேன். அது சாதாரணச் செடி இல்லை. மணற்காட்டில் மட்டும் முளைக்கிற கூன்செடி. காற்று அடித்து அடித்து முதுகு வளைந்து போனது. அதனால் அந்தப் பெயர். மற்ற இடத்தில் எல்லாம் பூண்டற்றுப் போய்விட்டது. ஊருக்கு வெளியே ஒரு மணற்காட்டைச் சுற்றி ஆளுயரச் சுவர் எழுப்பி, கேட் போட்டு, இந்தக் காவலாளியை உட்கார வைத்திருந்தார்கள். போன வருஷம் செடி டாக்டர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் எண்ணினார். கிழட்டுச் செடி கொஞ்சம், நடுவயசு நிறைய, இளசு அதைவிட நிறைய. ஆக நானூறுக்கு மேல். ஒவ்வொன்றின் கழுத்திலும் நம்பர் போட்ட தகர வில்லையைச் செம்புக் கம்பியால் கட்டினார். இந்த வருஷம் மறுபடி எண்ணினால் மிச்சம் நூறு கூட இல்லை. கிழடுகள் இருந்த இடத்தில் இருக்கின்றன. பிள்ளை குட்டிகளைத்தான் காணவில்லை.

டாக்டர் புகார் கொடுத்தார். போலீஸ் காவலாளியின் அறையைக் குடைந்தது. ஒரு தகர வில்லையும் ஒரு கட்டிங் பிளேயரும் கிடைத்தன. போதாதா? எங்கள் ஆட்களுக்கு அரை ஆதாரமே ஜாஸ்தி.

ஸ்டேஷன் படியில் தவளையின் தங்கச்சி நின்றிருந்தாள்.

“என் வீட்டுக்காரரு எடுக்கலைங்க” என்றாள்.

“எல்லா வீட்டுக்காரியும் அதைத்தான் சொல்லுவா.”

“எடுத்திருந்தா நானே காட்டிக் கொடுத்திருப்பேன். வீட்ல ரெண்டு தொட்டி வச்சேன். அந்தாளு தண்ணி ஊத்துன லட்சணத்துல ரெண்டும் பட்டுப் போச்சு. அந்தக் கையில செடி பிழைக்குமா? பிழைக்காத செடியை எவன் வாங்குவான்?”

பேச்சில் அண்ணனுக்குத் தப்பாத தங்கச்சி. உள்ளே போனேன்.

“வில்லை ஏதுடா?” என்றேன் காவலாளியிடம்.

“மணல்ல கிடந்துச்சுங்க. நல்லாயிருக்கேன்னு சாவிக்கொத்துல மாட்டிக்கிட்டேன்.”

“பிளேயர்?”

“மச்சான் குடுத்தது. ஆனா அது கொஞ்ச நாள் எங்கிட்ட இல்லைங்க. டாக்டர் ஐயா வாங்கிட்டுப் போனாரு. ஜீப்புல பேட்டரி கம்பி லூசாயிருச்சு, முறுக்கணும்னாரு.”

“இதை இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னியா?”

“அவரு கேக்கலையே.”

மூன்று கேள்விக்கும் எண்ணெய் போட்ட மாதிரி பதில். உண்மை அப்படி வராது. முக்கி முனகித்தான் வரும். வெளியே வந்ததும் தவளையைப் பார்த்தேன்.

“பிளேயர் உன்னுது.”

“என்னுதுதான்.”

“முந்நூறு செடியை ஏத்திட்டுப் போக லாரி வேணும். உனக்கு லாரிக்காரன் பூராப் பேரையும் தெரியும்.”

“சுத்தி வளைக்காதீங்க ஏட்டய்யா, தலை சுத்துது. நானும் மாப்ளையும் சேந்து திருடினோமான்னு நேரா கேளுங்க.”

“கேக்க வேண்டிய நேரத்துல கேப்பேன்.”

“சரி. அது வரைக்கும் டீக்காசை யாரு குடுக்கறது? சந்தேகப்படுறவரா, சந்தேகத்துல மாட்டினவனா?”

நான் கொடுக்கவில்லை.

*

மணற்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கல் உடைக்கப் பாதை போடுகிறார்களாம். கேட்டைத் தள்ளி உள்ளே கால் வைத்ததுமே எனக்கு மூக்கு வேர்த்தது.

வாசலை ஒட்டி முழங்கால் உயரத்தில் ஒரு கூன்செடி. தன்னந்தனியாக, இளசாக. கழுத்தில் வில்லை காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. குனிந்து ஒரு பிடி மண்ணோடு பிடுங்கினால் துண்டில் முடிந்துகொண்டு போய்விடலாம்.

“முந்நூறைத் தூக்கினவன் இதை ஏண்டா விட்டான்?”

“வழிகாட்டிக்கு விட்டிருப்பான். அடுத்த தடவை வரும்போது வீடு மாறிடக் கூடாதில்ல?”

உள்ளே பார்த்தேன். செடி காணாமல் போன இடத்தில் எல்லாம் டாக்டர் சிவப்புக் குச்சி நட்டிருந்தார். நல்ல காரியம் செய்தார். ஒரே பார்வையில் களவு முழுவதும் கண் முன்னால் விரிந்தது. திறந்த வெளியில் ஒரு குச்சி கூட இல்லை. அங்கங்கே தனியாக நின்ற சின்னச் செடிகள் எல்லாம் வில்லையோடு பத்திரமாக இருந்தன. குச்சிகள் பூராவும் கிழட்டுச் செடிகளின் காலடியில்தான் நெருக்கியடித்து நின்றன.

“கோழியைச் சுத்திக் குஞ்சு மாதிரி இல்ல?” என்றான் தவளை.

“குஞ்சு திருடறவன் வெளிய மேயுற குஞ்சை விட்டுட்டுக் கோழி றெக்கைக்குள்ள கையை விடுவானா?”

“கொத்து வாங்க ஆசைப்பட்டா விடுவான்.”

கூன்செடிக்கு முள் உண்டு. கிழட்டுச் செடியின் கைக்குள் புகுந்து தோண்டினால் முழங்கை வரைக்கும் கிழிந்துவிடும். லாக்கப்பில் அந்தக் காவலாளியின் கையைப் பார்த்திருந்தேன். ஒரு கீறல் இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒருத்தனைச் சந்தேகப்பட்டு முடித்த பிறகு இந்த மாதிரி எதுவும் குறுக்கே வரக் கூடாது.

பெரிய செடி ஒன்றின் அடியில் ஒரு பெண் மண்டியிட்டு, கையால் மணலை வாரிக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் எண்ணுவதற்காகப் புதிதாக அனுப்பப்பட்டவள். மூஞ்சி முழுக்கத் துணி சுற்றி, கண் மட்டும் தெரிந்தது.

“என்னம்மா புதையலா?”

“எண்ணினதை மறுபடி சரி பார்க்கிறேன் சார். வேர்ல இருந்துதான் எண்ணணும். மேல எண்ணினா தப்பாயிரும்.”

“போன வருஷம் டாக்டரும் இப்படித்தான் வாரினாரா?”

“தெரியல சார். நான் அப்ப வேலைக்கே வரல. பெரிய செடிங்களைச் சுத்தி மட்டும் மணல் மேடு கட்டி நின்னுச்சுன்னு சொன்னாரு. இந்த வருஷக் காத்துல நிறைய போயிருச்சாம்.”

அதற்குள் கேட்டில் ஜீப் சத்தம். இருமி, விக்கி, கடைசியாக ஒரு தும்மல் போட்டுவிட்டு நின்றது. டாக்டர் இறங்கினார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. மணற்காட்டில் கசங்காத சட்டை போட்டவனையும் நான் நம்புவதில்லை.

“ஓய்வு பெற்ற ஏட்டுக்கு இங்க என்ன வேலை?” என்றார்.

“ஓய்வு பெத்தவனுக்கு எங்கதான் வேலை, டாக்டர்? சும்மா பார்க்க வந்தேன்.”

தவளை பல்லைக் காட்டினான். “சார், வண்டி ரொம்ப மூச்சு வாங்குதே. நான் மெக்கானிக்தான். ஒரு பார்வை பாக்கட்டுமா? காசு வேணாம்.”

டாக்டர் வேண்டாம் என்று வாயைத் திறப்பதற்குள் பானெட் திறந்திருந்தது. நானும் எட்டிப் பார்த்தேன். பேட்டரியின் இரண்டு முனையிலும் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்து, பஞ்சு அப்பின மாதிரி கம்பியையே மூடியிருந்தது.

தவளை பானெட்டை மூடினான். அவன் முகம் விழுந்துவிட்டது. என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

“ஏட்டய்யா, அந்தக் கம்பியில ஒரு வருஷமா எவனும் கை வைக்கல. வச்சிருந்தா உப்பு உதிர்ந்திருக்கும். அது இல்லாம, அதை முறுக்க ஸ்பேனர்தான் வேணும். பிளேயரை வச்சு யாரும் செய்ய மாட்டான்.”

“அப்ப?”

“மாப்ளே பொய் சொல்லிட்டான்.”

அதற்குப் பின்னால் ஒரு நக்கல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தவளை வாயை மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். “என் தங்கச்சிகிட்ட என்னன்னு சொல்லுவேன்?” என்றான் மணலைப் பார்த்துக்கொண்டே.

நான் சொன்னேன் பார்த்தாயா என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. வாசலில் நின்ற அந்தச் சின்னச் செடி இன்னும் என் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. காவலாளி பொய் சொன்னான், சரி. ஆனால் பேட்டரியைப் பற்றி ஒன்றும் தெரியாதவன், வண்டியே இல்லாதவன், பொய் சொல்ல வேண்டுமென்றால் பேட்டரிக்கா போவான்? கதவுக் கீல், தண்ணிக் குழாய் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பானே? ஜீப் வைத்திருக்கிறவனுக்குத்தான் ஜீப் பொய் வரும்.

சரி, ஒரு கல்லை எறிந்து பார்ப்போம் என்று டாக்டரிடம் போனேன்.

“டாக்டர், வந்த சேதியைச் சொல்ல மறந்துட்டேன். உங்க செடி கிடைச்சாச்சு.”

கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கைக்குட்டை பாதியில் நின்றது.

“இருக்காது” என்றார்.

“முந்நூறும் இருக்கு. வில்லையோட.”

“வேற ஏதாவது செடியா இருக்கும். போலீஸுக்குக் கூன்செடிக்கும் கீரைத்தண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.”

அந்தப் பெண் கையெல்லாம் மணலாக ஓடி வந்தாள். “எங்க சார்? எங்க கிடைச்சது? உயிரோட இருக்கா?”

தவளையும் வந்து சேர்ந்தான். “எங்க ஏட்டய்யா? எனக்கே சொல்லலியே!”

கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கிடைத்துவிட்டான் என்று சொன்னால் வாயிலிருந்து முதலில் வருவது ஒரே சொல்தான். எங்கே? அந்தப் பெண் கேட்டாள். தவளை கேட்டான். பெற்றவர் மட்டும் கேட்கவில்லை.

“நான் போய்த்தான் காட்டணும்” என்றேன். “அதுக்கு முன்னாடி இந்தப் பெரிய செடியை ஒரு தடவை பார்த்துக்கறேன்.”

“எனக்கு மீட்டிங் இருக்கு.”

“மீட்டிங் எங்கயும் ஓடிறாது டாக்டர். உங்க ஜீப்பும் ஓடாது போலிருக்கு.”

பெரிய செடியைச் சுற்றி நடந்தேன். குடிசை அளவுக்குப் படர்ந்து நின்றது. வளைந்து வளைந்து வெளியே நீண்ட கிளைகள், ஒவ்வொன்றின் நுனிக்கு நேர் கீழே ஒரு சிவப்புக் குச்சி. நிழலுக்கு ஒதுங்கின தவளை, ஒரு கிளையைப் பிடித்தவன் கையை உதறினான்.

“முள்ளா?”

“முள் இல்ல. இதென்ன ஏட்டய்யா, மோதிரம் போட்டு கழட்டின விரல் மாதிரி?”

கிளையைச் சுற்றி ஒரு பள்ளம். மெல்லிசாக, வட்டமாக. இறுக்கிக் கட்டின கம்பி தோலைத் தின்ற தழும்பு. பக்கத்துக் கிளையில் பார்த்தேன். அதிலும் இருந்தது. அதற்கு அடுத்ததிலும். ஒரு கிளை விடாமல் எல்லாவற்றிலும், எல்லாத் தழும்பும் ஒரே மட்டத்தில், என் நெஞ்சு உயரத்தில்.

இதைச் சாதாரணமாக விட்டுவிட முடியவில்லை. செடியின் கழுத்தில் வில்லை கட்டுகிறவன் குனிந்து கட்டுவான். அடியிலிருந்து ஒரு சாண் மேலே கட்டுவான். வாசல் செடியில் அப்படித்தான் இருந்தது. கையைத் தூக்கி நெஞ்சு உயரத்தில் எவன் கட்டுவான்? அதுவும் கயிறு பிடித்த மாதிரி ஒரே மட்டத்தில்?

“ஏம்மா, போன வருஷம் மணல் எது வரைக்கும் இருந்துச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

அந்தப் பெண் பெரிய செடியை ஒட்டியிருந்த சுவரைக் காட்டினாள். சுண்ணாம்புச் சுவரில், மேடு கட்டியிருந்த இடத்தில் மட்டும், கீழே பழுப்பும் மேலே வெள்ளையுமாக ஒரு கோடு ஓடியது. போய்ப் பக்கத்தில் நின்றேன். நெஞ்சுக்கு ஒரு சாண் கீழே.

திரும்பிப் பார்த்தபோது அந்தப் பெண்ணே மண்டியிட்டு வேகவேகமாக மணலை வாரிக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்னைவிட முன்னால் புரிந்துவிட்டது. ஒவ்வொரு கிளையாகக் கையால் தடவி உள்ளே போனாள். பத்துப் பதினோரு கிளையும் போய் ஒரே அடியில் சேர்ந்தன. யானைக்கால் மாதிரி ஒரே ஒரு அடி.

“மணலுக்கு மேல நுனி மட்டும் தெரிஞ்சிருக்கு” என்றாள். “ஒண்ணுக்கு ஒண்ணு கை அகலம் தள்ளி நின்னா தனிச் செடின்னு கணக்கு வச்சிருக்காங்க. இது எல்லாம் ஒரே செடி சார். இளசும் இல்ல, நடுவயசும் இல்ல. கிழவியோட விரல்.”

“அப்ப முந்நூறு திருட்டு?” என்றான் தவளை.

“திருட்டே இல்லடா” என்றேன். “காத்து வந்து மணலைத் தள்ளிட்டுப் போச்சு. பிள்ளைங்க எல்லாம் ஆத்தா கையாயிருச்சு. புது ஆள் வேரைப் பார்த்து எண்ண வர்றான்னு தெரிஞ்சதும், ஒரே செடியில பத்து வில்லை தொங்குனா மானம் போயிரும்னு ஒருத்தர் பிளேயரை வாங்கிக் கம்பியை அறுத்துட்டு, திருட்டுன்னு புகாரும் குடுத்துட்டாரு. அறுக்கும்போது ஒண்ணு கீழ விழுந்ததை அவரு பாக்கல. உன் மாப்ளே பார்த்தான். உன் மாப்ளே பொய் சொல்லல தவளே. அவனுக்குச் சொன்ன பொய்யைத்தான் நம்மகிட்ட அப்படியே ஒப்பிச்சான்.”

தவளை மெதுவாக டாக்டர் பக்கம் திரும்பினான். அவருடைய சட்டைக் கையைப் பிடித்து மேலே ஏற்றினேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ஆறிக்கொண்டிருந்த கீறல்கள்.

டாக்டர் மறுக்கவில்லை. என் காதோரம் வந்தார்.

“எண்ணினப்ப எனக்கு நிஜமாவே தெரியாது ஏட்டு. இங்க இவ்வளவு இருக்குன்னு என் கணக்கை நம்பித்தான் சுவருக்கு அந்தப் பக்கத்தைக் கல் உடைக்கக் கொடுத்தாங்க. அங்கேயும் கூன்செடி இருக்கு. இப்ப வெளிய சொன்னா நான் எங்கயும் தலை காட்ட முடியாது. புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். சாயங்காலம் உங்க ஆள் வீட்டுக்குப் போயிரலாம். ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம்.”

நியாயமாகப் பார்த்தால் எனக்கு அது போதும். நான் வந்தது ஒரு ஆளை வெளியே எடுக்க. செடிக்கு நான் என்ன சொந்தமா? இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவன் நான் இல்லை. தவளையைப் பார்த்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் கடகடத்தது. தவளை அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான்.

“வாபஸ் வாங்கினா என் மாப்ளே யாரு சார்?” என்றான். “திருடிட்டு மன்னிப்பு வாங்கினவன். நாளைக்கு எவன் வீட்ல என்ன காணாம போனாலும் முதல்ல இவன் கதவைத்தான் தட்டுவான். என் தங்கச்சி தெருவுல எப்படி நடப்பா? திருட்டு நடக்கலைன்னு நீங்க உங்க வாயால சொல்லணும். சொன்னா செடி கம்மின்னு தெரியும், அந்த மெஷின் நிக்கும், உங்க பேரு போகும். அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

“நான் சொல்றேன்” என்றாள் அந்தப் பெண். துணியை அவிழ்த்த முகம் வெளுத்திருந்தது. அவளுக்கு மேலதிகாரி அவர்தான். “வேரோட காட்டி நானே இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்றேன். இந்தக் கிளைங்க எங்கயும் போகாது.”

டாக்டர் எங்களை ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று கேட்டைத் தாண்டிப் போய் ஜீப்பில் ஏறினார். எங்களுக்கு முன்னால் போய் யாரையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். சாவியைத் திருப்பினார். ஜீப் ஒரு தடவை இருமியது. மறுபடி திருப்பினார். விக்கல். மூன்றாவது தடவை அதுவும் இல்லை. டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

தவளை நிதானமாக நடந்து போய் ஜன்னலில் முழங்கையை ஊன்றினான். அவனுடைய பழைய இளிப்பு திரும்ப வந்திருந்தது.

“பேட்டரி கம்பி லூசாயிருக்கும் சார். கட்டிங் பிளேயர் இருந்தா முறுக்கிடலாம். ஸ்டேஷன்லதான் இருக்கு. வாங்க, நடந்தே போய் வாங்கிட்டு வருவோம்.”